படுவான்கரை வாசிகசாலையில் டெபியன்: மூன்று ஆண்டு அனுபவம்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைக் கிராமமொன்றின் வாசிகசாலையில் ஒன்பது கணினிகள் கொண்ட சிறிய அறையொன்றை 2022 ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து நான் பராமரித்து வருகிறேன். கணினி என் தொழில் அன்று. நகரத்தில் கணக்கியல் கற்பிக்கிறேன், கல்லடியில் குடியிருக்கிறேன், சனிக்கிழமைகளில் மண்முனைப் பாலத்தைக் கடந்து மோட்டார் சைக்கிளில் அங்கே போய் வருகிறேன். வாரத்தில் ஒரு நாள் மட்டும் கைவைக்க முடிந்த இயந்திரங்களை மீதி ஆறு நாளும் பிள்ளைகளின் பொறுப்பில் விட்டுவிட்டு வரவேண்டிய ஒருவன், டெபியன் என்ற இயங்குதளத்தையும் அதிலிருந்து பிரிந்த கிளைகளையும் எங்கெங்கே வைத்தால் நிம்மதியாக இருக்கலாம் என்று பட்டுத் தெரிந்துகொண்டவைதாம் இங்கே வருபவை.

ஒன்பதில் ஏழு, அலுவலகமொன்று கழித்துவிட்ட கோர் 2 டுவோ மேசைக் கணினிகள். ஒவ்வொன்றிலும் 2 ஜிபி நினைவகம். மற்ற இரண்டும் ஊரவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து வரும்போது கொண்டுவந்து கொடுத்த நெட்புக்குகள். அவற்றிலுள்ள ஏட்டம் செயலி 32 பிட் மட்டுமே அறிந்தது. அந்த ஆண்டில் டொலரின் விலை 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியிருந்ததால், புதிய கணினி வாங்குவது பற்றி வாசிகசாலைக் கூட்டத்தில் யாரும் வாய் திறக்கவில்லை. இருப்பதை எப்படி ஓட்டுவது என்பதே பேச்சாக இருந்தது.

இருந்தவற்றில் ஓடியது திருட்டுப் பிரதியான விண்டோஸ் 7. அதற்கான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களை உரிய நிறுவனம் 2020 ஜனவரியிலேயே நிறுத்திவிட்டது. எங்கள் பிரதிக்கு அவை முன்பும் வந்ததில்லை. பிள்ளை ஒன்று பாடசாலையிலிருந்து பென் டிரைவைக் கொண்டுவந்து செருகும். உள்ளே இருந்த கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிச் சின்னங்களாக மாறிவிடும். அந்தப் பென் டிரைவ் அடுத்த கணினிக்குப் போகும். சனிக்கிழமை முழுவதும் ‘ஃபோமட் அடிப்பதிலேயே’ கழிந்தது. அடுத்த சனிக்கிழமையும் அதே வேலைதான்.

டெபியன், உபுண்டு போன்ற இயங்குதளங்களுக்கெல்லாம் அடிப்படையான லினக்ஸ் எனக்கு முற்றிலும் புதிதன்று. உபுண்டு வட்டுகளை உலகம் முழுவதும் இலவசமாகத் தபாலில் அனுப்பிவந்த காலமொன்று இருந்தது. 2011 இல் அந்தத் திட்டத்தை நிறுத்தினார்கள். மாணவனாக இருந்தபோது அப்படி ஒன்றை வரவழைத்து வைத்திருந்தேன். பணம் வாங்காமல் வெளிநாட்டிலிருந்து ஏன் அனுப்புகிறார்கள் என்று தபால்காரர் கேட்டதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அந்தப் பழைய நினைவில், 2022 டிசம்பரில் உபுண்டுவை அடியாகக் கொண்ட, பார்வைக்கு விண்டோஸைப் போலவே இருக்கும் கிளையொன்றை ஏழு மேசைக் கணினிகளிலும் ஏற்றினேன். நிறுவுவது மிக எளிதாக இருந்தது. பிள்ளைகளும் அன்றைக்கே பழகிக்கொண்டார்கள். வைரசுத் தொல்லை அன்றோடு தீர்ந்தது.

வேறு இரண்டு தொல்லைகள் தொடங்கின. அந்தக் கிளையின் மேசைத்தளம், அதாவது திரையில் தெரியும் சாளரங்களும் பட்டிகளும், நாலு ஜிபியை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டது. எங்கள் இரண்டு ஜிபியில் உலாவியைத் திறந்தவுடன் வன்தட்டு உறுமத் தொடங்கிவிடும். மற்றையது டேட்டா. வாசிகசாலைக்கு இருந்தது கைத்தொலைபேசி நிறுவனமொன்றின் டொங்கிள் மட்டுமே. ஒரு கணினிக்கு ஒரு மாதத்தில் சில நூறு மெகாபைட் இற்றைப்படுத்தல் வந்தால், ஏழுக்கும் சேர்த்து அது ஏழு மடங்கு. அதே கோப்புகளை ஏழு தடவை ஏழு இயந்திரங்களும் தனித்தனியே இறக்கின. மாதத்தின் இரண்டாவது வாரத்தில் டேட்டா தீர்ந்தது. பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் இறக்குவதற்குக்கூட வழியில்லாமல் போனது. இற்றைப்படுத்தலை நிறுத்திவைத்தேன். அது சரியான தீர்வன்று என்பது அப்போதே தெரியும்.

வேறு கிளை தேடும்போதுதான் இந்தக் குடும்ப மரத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று முறையாகப் பார்த்தேன். டெபியனை 1993 ஓகஸ்ட் 16 அன்று அறிவித்தவர் இயன் மர்டொக் என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர். தன் பெயரையும் தன் தோழி டெப்ராவின் பெயரையும் சேர்த்து அப்படிப் பெயரிட்டார். அதற்கு உரிமையாளராக ஒரு நிறுவனம் இன்றுவரை இல்லை. உலகின் பல நாடுகளிலுள்ள தன்னார்வலர்கள் ஆளுக்குச் சில மென்பொருள் பொதிகளைப் பொறுப்பேற்றுப் பராமரிக்கிறார்கள். ஆண்டுதோறும் தமக்குள் வாக்கெடுத்துத் தலைவரைத் தெரிவு செய்கிறார்கள். 1997 இல் ஏற்றுக்கொண்ட ‘சமூக ஒப்பந்தம்’ என்ற ஆவணம் அவர்களைக் கட்டுப்படுத்துகிறது. எங்கள் பக்கத்துக் கோயில் திருவிழாவில் குடிக்குக் குடி ஒரு நாளைப் பொறுப்பெடுத்து நடத்துவதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

இந்த அடிமரத்திலிருந்து பிரிந்தவை ஏராளம். வட்டிலிருந்தே நேரடியாக ஓடும் நொப்பிக்ஸ் 2000 இல் வந்தது. உபுண்டு 2004 ஒக்டோபரில் வந்தது. உபுண்டுவிலிருந்து லினக்ஸ் மின்ட் 2006 இல் பிரிந்தது. பாதுகாப்புச் சோதனை செய்பவர்களின் காளி, சிறிய பலகைக் கணினிகளுக்கான ராஸ்பெரி பை இயங்குதளம், இந்தியாவில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பொஸ் ஆகிய எல்லாமே டெபியன் வழி வந்தவை. ஆனால் பராமரிப்பவனுக்குப் பெயர்களைவிட, ஒவ்வொரு கிளையும் மரத்தின் எந்த உயரத்தில் ஒட்டியிருக்கிறது என்பதே தேவையான செய்தி. டெபியனுக்குள் மூன்று தட்டுகள் இருக்கின்றன. புதிய பொதிகள் முதலில் ‘சிட்’ என்று அழைக்கப்படும் நிலையற்ற தட்டில் விழுகின்றன. பதிப்புகளுக்குக் கணினி வரைகலைப் படமொன்றின் பொம்மைப் பாத்திரங்களின் பெயரை வைப்பது அவர்கள் வழக்கம். சிட் என்பவன் அந்தப் படத்தில் பொம்மைகளை உடைக்கும் அயல்வீட்டுப் பையன். உடையாமல் சில நாள் தாக்குப்பிடித்தவை சோதனைத் தட்டுக்கு நகர்கின்றன. ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்தத் தட்டை உறையவைத்து, பிழைகளைக் களைந்து, நிலையான பதிப்பாக வெளியிடுகிறார்கள். உபுண்டு தன் பொதிகளைப் பெரும்பாலும் சிட்டிலிருந்து எடுத்துத் தானே புதிதாகக் கட்டுகிறது. எம்எக்ஸ், ஆன்டிஎக்ஸ், மின்டின் டெபியன் பதிப்பு ஆகியவை நிலையான பதிப்பின் மேல் நிற்கின்றன. இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாததால் வந்த வினையைப் பின்னர் சொல்கிறேன்.

2023 ஜூன் 10 அன்று டெபியன் 12, ‘புக்வோர்ம்’ என்ற பெயரில் வெளியானது. அதுவரை டெபியனின் உத்தியோகபூர்வ நிறுவியில் வைஃபை அட்டை போன்றவற்றுக்கு வேண்டிய, மூலநிரல் திறக்கப்படாத ஃபேர்ம்வெயர் கோப்புகள் (வன்பொருளை இயக்குபவை) இருக்கவில்லை. அவற்றைத் தனியாகத் தேடி இன்னொரு பென் டிரைவில் கொடுக்க வேண்டும். முந்திய ஆண்டில் நடந்த வாக்கெடுப்பின்படி 12 ஆம் பதிப்பிலிருந்து அவை நிறுவியுடனேயே வருகின்றன. என்னைப் போன்றவர்கள் துணிந்து இறங்கியதற்கு இதுவே காரணம். ஒரு மேசைக் கணினியில் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்துடன் ஏற்றிப் பார்த்தேன். அதே இயந்திரம்தானா என்று செயலாளர் அக்கா கேட்டார். உண்மையில் அதில் பாதிப் பெருமை அன்று பழைய வன்தட்டுக்குப் பதிலாக மாற்றிய, வேகமான 120 ஜிபி எஸ்எஸ்டிக்கு உரியது. பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்யலாம் என்றால் அதையே செய்யுங்கள். அதற்குப் பின்னர் நினைவகத்தைச் சுருக்கிப் பயன்படுத்த உதவும் ‘இசட்ரேம்’ வசதியையும் போட்டுக்கொண்டால் இரண்டு ஜிபியில் ஆவணம் எழுதலாம், பைதன் பழகலாம், அளவோடு இணையமும் பார்க்கலாம். உலாவியில் பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்து வைப்பவர்களுக்கு எந்த இயங்குதளமும் உதவாது.

நிறுவும்போது இரண்டு இடங்களில் தடுக்கி விழுந்தேன். நிறுவி ‘ரூட்’ எனப்படும் தலைமைப் பயனருக்குக் கடவுச்சொல் கேட்கும். கேட்டதற்கெல்லாம் பதில் கொடுப்பதுதானே ஒழுங்கு என்று கொடுத்தேன். பின்னர், தலைமைப் பயனரின் அதிகாரத்தோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளையைப் பயன்படுத்தியபோது, அனுமதிப் பட்டியலில் என் பெயர் இல்லை என்று இயந்திரம் மறுத்தது. அந்த இடத்தை வெறுமையாக விட்டால்தான் முதலில் உருவாக்கப்படும் பயனருக்குச் சூடோ அதிகாரம் தானாகக் கிடைக்கும்; உபுண்டு வழிக் கிளைகளிலிருந்து வருபவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது விழும் குழி இது. இரண்டாவது, டேட்டாவை மிச்சப்படுத்த முழு டிவிடி கோப்பை நகரத்தில் இறக்கிப் பென் டிரைவில் கொண்டுபோய் நிறுவியதால் வந்தது. பொதி மூலங்களின் பட்டியலில் அந்த வட்டின் பெயரும் ஒரு வரியாக ஏறிவிடுகிறது. அடுத்த வாரம் ஒரு பிள்ளை மென்பொருள் ஒன்றை நிறுவப் போனபோது, வட்டைச் செருகுங்கள் என்று கணினி கேட்டுக்கொண்டே இருந்தது. அது வட்டு என்று நினைத்த அந்தப் பென் டிரைவோ கல்லடியில் என் மேசை லாச்சிக்குள் கிடந்தது. சோர்சஸ் லிஸ்ட் என்ற கோப்பைத் திறந்து ‘சிடிரொம்’ என்று தொடங்கும் அந்த வரியின் முன்னால் ஒரு ஹாஷ் குறியைப் போட்டுவிட்டால் விடயம் முடிந்தது.

இனி டேட்டா விவகாரம். இந்த மூன்று ஆண்டில் நான் செய்தவற்றுள் மிகவும் பயன் தந்தது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். டெபியனில் பொதிகளை இறக்கி நிறுவும் கருவியின் பெயர் ஏப்ட். அதற்குத் துணையாக ஏப்ட்-கேச்சர்-என்ஜி என்று ஒரு பொதி டெபியனின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருக்கிறது. அதை ஒரு கணினியில் மட்டும் நிறுவினால், அந்தக் கணினி மற்றவற்றுக்கெல்லாம் ஒரு பண்டகசாலையாக மாறிவிடுகிறது. முதற் கணினி ஒரு பொதியைக் கேட்கும்போது அது இணையத்திலிருந்து இறக்கிக் கொடுத்துவிட்டு ஒரு பிரதியைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. மற்றவை கேட்கும்போது அறைக்குள்ளேயே, டேட்டா செலவின்றி எடுத்துக் கொடுக்கிறது. மற்றக் கணினிகளில் செய்யவேண்டியது, ஏப்ட் அமைப்புக் கோப்புறையில் அந்தப் பண்டகசாலையின் முகவரியையும் 3142 என்ற துறை எண்ணையும் பதிலி (இணையத்துக்கு முன்னால் இடையில் நிற்பது) என்று ஒரே வரியில் எழுதிவைப்பது மட்டுமே. புதிதாக நிறுவும்போதும் நிறுவி ஓரிடத்தில் பதிலி முகவரி கேட்கும். அங்கேயே இதைக் கொடுத்துவிட்டால் இரண்டாவது கணினியிலிருந்து நிறுவலே சில நிமிட வேலை. பொதி மூலங்களின் முகவரிகள் எச்டிடிபி என்றே இருக்க வேண்டும். மறையாக்கப்பட்ட எச்டிடிபிஎஸ் என்று மாற்றினால் இடையில் நிற்கும் பண்டகசாலையால் எதையும் சேமிக்க இயலாது. பாதுகாப்புக்கு இதனால் பங்கமில்லை, ஏனெனில் பொதிப் பட்டியல்கள் டெபியனின் மின்கையொப்பம் பெற்றே வருகின்றன. வழியில் யாரேனும் மாற்றினால் ஏப்ட் ஏற்றுக்கொள்ளாது.

நான் எதிர்பாராத இடர் ஒன்றும் இருந்தது. பண்டகசாலைக் கணினிக்கு முன்னால் யாரும் அமர்வதில்லை என்பதைக் கவனித்த பொறுப்புள்ள பிள்ளை ஒன்று, மின்சாரம் வீணாகிறது என்று அதை நாள்தோறும் நிறுத்திவிட்டுப் போயிருக்கிறது. மற்ற எட்டும் பொதி கிடைக்கவில்லை என்று பிழை காட்டிக்கொண்டிருந்தன. இப்போது அதன்மேல் ‘நிறுத்த வேண்டாம்’ என்று ஓர் அட்டை ஒட்டியிருக்கிறது.

பண்டகசாலைக்கு இன்னொரு நிபந்தனையும் உண்டு: எல்லா இயந்திரங்களும் ஒரே மரத்தின் ஒரே பதிப்பில் நிற்க வேண்டும். ஒன்றில் உபுண்டு, இன்னொன்றில் மின்ட், மற்றொன்றில் டெபியன் என்று வைத்தால் ஒவ்வொன்றும் தன் தன் பொதிகளையே கேட்கும். சேமிப்பு என்பதே இராது. தனி ஒருவர் தன் வீட்டு மடிக்கணினிக்குக் கிளையொன்றைத் தெரிவு செய்யும்போது அழகும் வசதியும் பார்க்கலாம்; அதில் எனக்கு மறுப்பில்லை. பல கணினிகளை ஒரு டொங்கிளில் வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுபவர் அப்படிப் பார்த்தால், முதல் நாளில் மிச்சமான இரண்டு மணித்தியாலத்துக்குப் பின்னர் வரும் சனிக்கிழமைகளையெல்லாம் வட்டியாகக் கட்ட நேரிடும். இந்தக் காரணத்துக்காகவே 2023 ஓகஸ்டில் ஏழு மேசைக் கணினிகளையும் தூய டெபியனுக்கு மாற்றினேன்.

மாற்றி நாலு மாதத்தில் ஒன்று விழுந்தது. உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் மாணவன் ஒருவன், கெட்டிக்காரன், காணொளித் தொகுப்பு மென்பொருள் ஒன்றின் புதிய பதிப்பு வேண்டும் என்று தேடியிருக்கிறான். டெபியனின் நிலையான பதிப்பில் பொதிகள் சற்றுப் பழையனவாகத்தான் இருக்கும். வெளியான நாளில் உறைந்த எண்ணே அடுத்த பதிப்பு வரை நீடிக்கும், பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்து சேரும். அவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. இணையத்தில் கண்ட உபுண்டு பயனருக்கான வழிமுறையை அப்படியே பின்பற்றி, உபுண்டுவுக்கான பிபிஏ எனப்படும் தனிக் களஞ்சியத்தின் முகவரியைச் சேர்த்து, ஏப்ட் எழுப்பிய எச்சரிக்கைக்கெல்லாம் ‘ஆம்’ என்று தட்டியிருக்கிறான். அந்த மென்பொருள் தனக்கு வேண்டிய அடிப்படை நூலகங்களின் (பல மென்பொருள்கள் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகளின்) வேறு பதிப்புகளையும் இழுத்துக்கொண்டு வந்தது. அவற்றுக்கு இடம்விடுவதற்காக மேசைத்தளத்தின் பாதிப் பொதிகள் அகற்றப்பட்டன. அடுத்த தடவை கணினி கறுப்புத் திரையோடு நின்றது.

“சேர், ரெண்டும் ஒரே .டெப் கோப்புத்தானே?” என்று அவன் கேட்டது நியாயமான கேள்வி. பொதியின் வடிவம் ஒன்றுதான். ஆனால் தாயிடமிருந்து துணி வாங்கிப் போய் மகள் தன் அளவுக்கு வெட்டித் தைத்த சட்டை திரும்பத் தாய்க்குப் பொருந்தாது. உபுண்டு சிட்டிலிருந்து எடுத்துத் தன் நூலகங்களோடு மறுபடி கட்டிய பொதி, நிலையான டெபியனிலுள்ள நூலகங்களுக்கு அளவெடுக்கப்பட்டதன்று. இப்படிக் கலந்து கெடுத்த கணினியை டெபியன்காரர்கள் ‘ஃபிராங்கன்டெபியன்’ என்று கிண்டலாக அழைப்பார்கள். சரிசெய்யலாம் என்று ஒரு பகல் முழுவதும் முயன்று பார்த்தேன்; பின்னர் திரும்ப நிறுவியதில் நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பயனர் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ பகுதியைத் தனிப் பிரிவாக முன்னரே வைத்திருந்ததால் பிள்ளைகளின் வேலை எதுவும் அழியவில்லை. புதிய பதிப்பு உண்மையாகவே வேண்டும் என்றால் முறையான வழிகள் இரண்டு உண்டு: நிலையான பதிப்புக்கென்றே டெபியன் கட்டித்தரும் பேக்போர்ட்ஸ் களஞ்சியம், அல்லது தனக்கு வேண்டிய நூலகங்களைத் தன்னோடு சுமந்துவரும் ஃபிளாட்பேக். பின்னையது டேட்டாவை விழுங்கும் என்பதால் வாசிகசாலையில் ஒரே ஒரு கணினிக்கு மட்டும் அனுமதித்திருக்கிறேன். அந்தக் கணினியை அந்த மாணவனிடமே ஒப்படைத்தேன்.

மின்வெட்டு எங்களுக்குப் பழக்கமானது. மார்கழி மழையில் மரம் முறிந்தால் படுவான்கரைக்கு மின்சாரம் வர நேரமெடுக்கும். யூபிஎஸ் மின்கலங்கள் எப்போதோ செத்துவிட்டன. கோப்பு முறைமை பெரும்பாலும் தன்னைத் தானே சரிசெய்துகொண்டு எழுந்துவிடுகிறது. சிக்கல் வருவது, பொதிகள் நிறுவப்பட்டுக்கொண்டிருக்கும் வேளையில் மின்சாரம் போனால். பாதியில் நின்ற பொதிகளோடு ஏப்ட் மேலும் எதையும் செய்ய மறுக்கும். அப்போது, ஏப்டுக்கு அடியில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி கட்டளையை ‘கன்ஃபிகர்’ என்ற தெரிவோடும் ‘அனைத்தும்’ என்பதைக் குறிக்கும் ஏ எழுத்தோடும் ஓட்டினால், விட்ட இடத்திலிருந்து அமைத்து முடிக்கிறது. இதைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். நான் இல்லாத நாட்களில் மூன்று முறை பிள்ளைகளே ஓட்டிக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

தமிழ் விடயத்தில் நான் பயந்த அளவுக்குக் கடினமாக இருக்கவில்லை, ஆனால் பயப்படாத இடத்தில் வினை வந்தது. டெபியன் நிறுவியை வரைகலை முறையில் தமிழிலேயே ஓட்டலாம். நான் ஆங்கிலத்திலேயே நிறுவுகிறேன். பிழைச் செய்தியைத் தேடும்போது ஆங்கில வாசகம் கையில் இருந்தால்தான் விடை அகப்படும். எழுத்துருக்களுக்கு நோட்டோ, லோகித் ஆகியவற்றின் தமிழ்ப் பொதிகள் போதும். தட்டச்சுக்கு ஐபஸ் என்பதையும் அதன் எம்17என் இணைப்பையும் நிறுவினால், தமிழ்99, ஒலியியல் முறை ஆகியவற்றோடு இலங்கையின் ரெங்கநாதன் விசைப்பலகையும் பட்டியலில் இருக்கிறது. உலகின் எங்கோ ஒரு மூலையிலிருக்கும் தன்னார்வலர்கள் கட்டும் தொகுப்பில் எங்கள் அலுவலகங்கள் பழகிய விசைப்பலகைக்கும் ஓரிடம் இருப்பதைக் கண்டபோது உள்ளபடியே மகிழ்ந்தேன்.

செயலாளர் அக்காவின் கோப்புகளோ பாமினியில் இருந்தன. இருபது ஆண்டுக் கூட்ட அறிக்கைகள், பிரதேச செயலகத்துக்கு எழுதிய கடிதங்கள், அங்கத்தவர் பட்டியல் எல்லாமே ஒருங்குறிக்கு (யுனிகோட்) முந்திய அந்த எழுத்துருவில்தான். வீட்டுக் கோப்புறைக்குள் மறைவாக இருக்கும் எழுத்துருக் கோப்புறையில் பாமினியைப் பிரதிபண்ணியவுடன் லிப்ரே ஒஃபிஸில் அவை ஒழுங்காகத் திறந்தன. நான் வேலை முடிந்தது என்று நினைத்தேன். மறுவாரம் அக்கா, “தம்பி, இந்த மிஷின் ‘அன்புடையீர்’ என்று எழுத விடுகுதில்லை; ‘ஆன்புடையீர்’ என்றே மாத்துது” என்று முறையிட்டார். பாமினியில் ‘அ’ என்பது ஆங்கிலச் சிறிய எழுத்து ‘எம்’ இருக்கும் இடம். பெரிய எழுத்து ‘எம்’ அழுத்தினால் ‘ஆ’ வரும். வசனத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் தானியங்கித் திருத்தம் தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது. தன்திருத்தத் தெரிவுகளில் அந்த ஒரு குறியை எடுத்துவிட்டதும் சரியாகிவிட்டது. பாமினியின் எழுத்து வரிசையும் ரெங்கநாதன் விசைப்பலகையும் பழைய தட்டச்சுப்பொறியை ஒட்டியவை என்பதால், புதிய கடிதங்களை அவர் இப்போது ஒருங்குறியிலேயே அடிக்கிறார். சில எழுத்துகளுக்கு விரல் பழக ஒரு மாதம் எடுத்தது. பழையவற்றை மாற்றும் வேலையை நாங்கள் தொடங்கவேயில்லை.

நெட்புக்குகளுக்கு ஆன்டிஎக்ஸ் என்ற கிளையைப் போட்டேன். 512 மெகாபைட் நினைவகத்திலும் ஓடவேண்டும் என்ற பிடிவாதத்தோடு செய்யப்பட்டது. கணினி எழும்போது சேவைகளைத் தொடக்கிவைக்கும் சிஸ்டம்டி எனப்படும் தொடக்க மேலாளரையும் அது பயன்படுத்துவதில்லை. கிளைகளை நான் குறைத்து மதிப்பிடுவதாக நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். தூய டெபியனை மெலிதாக்கி அந்த நிலைக்குக் கொண்டுவர எனக்குப் பல நாள் பிடித்திருக்கும். அந்த வேலையை ஒருவர் ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறார். நிலையான டெபியனின் மேல் நிற்பதால் அதன் பொதிகளில் பெரும்பகுதியையும் எங்கள் பண்டகசாலை கொடுத்துவிடுகிறது, ஆயினும் 32 பிட் பொதிகள் வேறு என்பதால் இரண்டு நெட்புக்குகளுக்கும் இடையில் மட்டுமே அந்தச் சேமிப்பு.

2025 ஓகஸ்ட் 9 அன்று டெபியன் 13, ‘ட்ரிக்ஸி’, வெளியானது. சோர்சஸ் லிஸ்டில் பதிப்பின் பெயரைப் ‘புக்வோர்ம்’ என்றே எழுதிவைத்திருந்ததன் அருமை அன்றைக்குத்தான் புரிந்தது. ‘ஸ்டேபிள்’ என்று பொதுவாக எழுதிவைத்தால், புதிய பதிப்பு வந்த நாளிலேயே வழக்கமான இற்றைப்படுத்தல் என்று நினைத்துப் பிள்ளை ஒன்று கட்டளையை ஓட்ட, முழு இயங்குதளமும் அரைகுறையாகப் புதிய பதிப்புக்கு இழுபடத் தொடங்கிவிடும். முதற் பதிப்பின் திருத்தமான 13.1 செப்டெம்பரில் வரும்வரை காத்திருந்து, ஒரு கணினியில் மட்டும் செய்து பார்த்து, இரண்டு வாரம் விட்டு மற்ற ஆறையும் மாற்றினேன். புதிய பதிப்பில் தற்காலிகக் கோப்புகளின் இடமான டிஎம்பி, வட்டில் இல்லாமல் நினைவகத்தில் வைக்கப்படுகிறது. அது நினைவகத்தில் பாதி வரை எடுத்துக்கொள்ளலாம் என்பதால் இரண்டு ஜிபி இயந்திரங்களில் அந்த ஏற்பாட்டை முடக்கிவிட்டேன். வெளியீட்டுக் குறிப்பை முழுவதும் வாசித்ததால்தான் இது தெரிந்தது. நீளமான, சலிப்பூட்டும் ஆவணம்தான். மேம்படுத்துவதற்கு முந்திய இரவில் வாசித்துவிடுவது நல்லது.

32 பிட் கணினிகளில் நிறுவும் வசதியை ட்ரிக்ஸியோடு டெபியன் கைவிட்டுவிட்டது. ஆகவே நெட்புக்குகள் புக்வோர்மின் அடியிலேயே நிற்கின்றன. புக்வோர்முக்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை அறிவிக்கப்பட்டுள்ளது. இதைத் தலைவர் ஐயாவிடம் விளக்கியபோது, “அதுக்கிடையில அதுகள் உப்புக்காத்தில துருப்பிடிச்சுப் போகும் மனே” என்றார்.

எல்லாம் வென்றுவிட்டதாகச் சொல்ல முடியாது. நன்கொடையாகக் கிடைத்த மலிவான லேசர் பிரிண்டர் ஒன்று இன்றுவரை டெபியனில் அச்சிட மறுக்கிறது. வாங்கும் முன்னரே லினக்ஸ் ஆதரவு உண்டா என்று பார்க்கவேண்டும், நன்கொடைக்கு அந்த வசதி இல்லை. பாடசாலையில் வேறு விரிதாள் மென்பொருளில் கற்பிக்கப்படும் பிள்ளைகள், பட்டியல்கள் இடம்மாறி இருப்பதைக் கண்டு சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது பதறுகிறார்கள். அவர்களுக்காகவும், மேக்ரோக்கள் நிறைந்த திணைக்களப் படிவம் ஒன்றுக்காகவும், பத்தாவதாக ஒரு விண்டோஸ் மடிக்கணினியை உரிய உரிமத்தோடு வைத்திருக்கிறோம். அதை ஒரு தோல்வியாக நான் கருதுவதில்லை.

விண்டோஸ் 10 க்கான வழக்கமான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 அன்று முடிந்த பின்னர், ஊரவர்கள் தம் மடிக்கணினிகளைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு வாசிகசாலைக்கு வரத் தொடங்கியிருக்கிறார்கள். வீட்டில் உதவிக்கு ஆள் இல்லாதவர்களுக்கு மின்டின் டெபியன் பதிப்பைப் போட்டுக் கொடுக்கிறோம். வாசிகசாலைக்கு அடிக்கடி வரும் பிள்ளை உள்ள வீடென்றால் எக்ஸ்எஃப்சிஇயோடு டெபியனையே. போடுமுன் ஒரு மணித்தியாலம் பென் டிரைவிலிருந்தே ஓட்டிக் காட்டி, வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று உரியவரையே சோதிக்க வைக்கிறோம்.

கணினிக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கிய சி.ஆர். கொப்பி ஒன்று அறையில் இருக்கிறது. என்ன நிறுவினோம், என்ன கெட்டது, எப்படிச் சரியானது என்று யார் கைவைத்தாலும் எழுதவேண்டும். பிபிஏ சேர்த்துக் கணினியைக் கெடுத்த மாணவன் இப்போது பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருக்கிறான். கிழமை நாட்களில் அறையைத் திறப்பவன் அவன்தான். சென்ற சனிக்கிழமை நான் போனபோது நாலாம் இயந்திரத்தின் பக்கத்தில் அவன் கையெழுத்தில் இப்படி இருந்தது: ‘புதன், பின்னேரம் 4.10. அப்டேட் நடக்கக்குள்ள கரண்ட் போனது. சுவரில உள்ளத ஓட்டினன். சரி. பண்டகசாலையில இடம் 3 ஜிபிதான் மிச்சம், பழைய புக்வோர்ம் பொதிகள அழிக்கலாமா எண்டு சேரிட்டக் கேக்கணும்.’ நெட்புக்குகளுக்கு வேண்டியவற்றை மட்டும் விட்டுவிட்டு மற்றவற்றை அழிக்கும்படி அதன் கீழே எழுதிவிட்டு வந்தேன்.